எவ்வளவு இறக்கலாம்?

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில், 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பாகம் சேர்த்துப் பூட்டி வெளியே அனுப்புகிறார்கள். 2021 மார்ச்சில் எம்340ஐ அங்கிருந்துதான் விற்பனைக்கு வந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. கதவு நான்கு இருந்தாலும் ஓட்டுகிறவனுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான். என் அண்ணன் மகன் அப்படி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, செய்யூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தெருப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதும் அவன் கேட்டது இதுதான்: “சித்தப்பா, ஸ்பிரிங் மாத்தி வண்டிய இறக்கணும். எவ்ளோ இறக்கலாம்?”

சஸ்பென்ஷன் வேலையிலேயே காலம் கழித்தவன் நான். இந்தக் கேள்விக்குக் காரைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கார் தினமும் போய்வருகிற வழியில் ஆக மோசமான இடம் எது? அந்த இடம்தான் பதிலைச் சொல்லவேண்டும்.

அவன் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற இடைவெளி, அந்த உடம்பின் அழகுக்கு ஒட்டாமல்தான் நிற்கிறது. இறக்கினால் ஓட்டமும் மாறும். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் பாரம் நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது வண்டியின் எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த உயரம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. இறக்கினால் நகர்கிற பாரம் 5 சதவீதம் குறையும். டயர்கள் நான்கும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்று ஒன்றுக்கு 3.7 கிலோமீட்டர், அங்கே இப்படி ஒரு 5 சதவீதத்துக்காக ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஸ்பிரிங் மாற்றுகிற பையன்களை மதிக்கிறவன் நான். அவர்கள் ஓட்டுவது வேகத்தடையே இல்லாத தாரில். இவன் ஓட்டப்போவது செய்யூரில்.

ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினோம். முதலில் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொண்டோம். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று ஏறி இறங்க அளவு மாறும். மையத்திலிருந்து அளந்தால் மாறாது. பிறகு குனிந்து, வயிற்றுப் பகுதியில் ஆகத் தாழ்ந்து தொங்குகிற இடத்தைத் தேடினோம். 14 சென்டிமீட்டர். அப்புறம் தெருமுனை வேகத்தடை. அதன் முதுகில் நேரான அலுமினியக் குழாயை மட்டமாக வைத்து, தார் மட்டத்திலிருந்து அளந்தால் 11 சென்டிமீட்டர் உயரம். அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

இந்திய சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 99 விதி, வேகத்தடை எப்படி இருக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த முதுகு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். இந்த அகலத்தில்தான் சூட்சுமம். எம்340ஐ-யின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.85 மீட்டர். விதிப்படி கட்டிய வேகத்தடையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின்மேல் ஏறி நிற்கும். அப்போது மேடு வயிற்றை நோக்கி எழும்புவது 6 சென்டிமீட்டர் மட்டும். 14-இல் 6 போனால் 8 மிச்சம். 3 சென்டிமீட்டர் இறக்கினாலும் 5 மிச்சம். தாராளம்.

எங்கள் தெருமுனையில் கணக்கு வேறு. அகலம் குறைவு என்பதால் முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிவிடும், பின்சக்கரம் இந்தப் பக்கம் நிற்கும், நடுவே மேடு முழு 11 சென்டிமீட்டரும் வயிற்றுக்குள் வரும். மிச்சம் 3. அவன் மனதில் வைத்திருந்ததும் 30 மி.மீ. இறக்கம்! பின்சீட்டில் பாட்டியையும் அம்மாவையும் ஏற்றினால் வண்டி இன்னும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அமுங்கும். அப்புறம் அடி தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டு வாசலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் வீட்டைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுவார்கள். போர்ட்டிகோவுக்கு ஏற ஒரு சிமெண்ட் சாய்வு. இடம் குறைவு என்பதால் அது செங்குத்தாக இருக்கும். முன்பம்ப்பரின் கீழ்உதடு அதில்தான் முதலில் உரசும். இதை எந்த ஸ்பிரிங் கம்பெனியின் விளக்கப் படத்திலும் பார்க்கமுடியாது. கார் வைத்திருப்பவர்தான் தன் வாசலில் குனிந்து பார்க்கவேண்டும்.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். நல்ல லோயரிங் ஸ்பிரிங் உயரத்தில் குறைந்ததாக மட்டும் இருக்காது, கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். காரணம், வண்டி தாழ்ந்த அளவுக்குச் சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது. அந்தத் தூரத்தின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை காத்திருக்கிறது. பழைய விறைப்பிலேயே விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அந்தக் கட்டையில் போய் முட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வயலூர்ப் பக்கம் பாலாற்றுப் பாலம் வருகிறதே, அது போன்ற பாலங்களில் ஏறும் இடத்திலும் இணைப்பு இடுக்குகளிலும் வேகமாகப் போகிறவர்களுக்கு இந்த முட்டல் புரியும். நேர்ச்சாலையில் முட்டினால் முதுகில் ஓர் இடி, அவ்வளவுதான். வளைவில் வெளிச்சக்கரம் முட்டினால், அந்த மூலை ஒரு நொடியில் கல்லாக இறுகி டயர் பிடியை விடும். இறக்கிய வண்டி நன்றாகத் திரும்பும் என்று நம்பி வேகம் எடுத்தவனை அது கைவிடுகிற இடம் அதுதான்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கம்பியின் தடிமனிலிருந்து. தடிமனை நான்கு தடவை பெருக்கிய கணக்கில் விறைப்பு ஏறும். 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இவ்வளவு நடப்பதால்தான், “பார்க்க ஒரே மாதிரி இருக்கே” என்று இன்னொரு மாடலின் ஸ்பிரிங்கை வாங்கிப் போடக் கூடாது என்கிறேன். 330ஐ-க்கு நான்கு சிலிண்டர் எஞ்சின். எம்340ஐ-க்கு ஆறு சிலிண்டர், நான்கு சக்கர இழுவை. முன் அச்சில் இறங்கும் பாரமே வேறு. ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகள் எந்த மாடலுக்கு, அச்சில் எத்தனை கிலோ வரை என்று குறித்துத் தாளோடு தருகின்றன. அந்தத் தாளைப் படிக்காமல் காசை எடுக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

சில பட்டறைகளில் கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடுகிறார்கள். செலவு இல்லை, உடனே வண்டி தாழும். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்பதும் உண்மை. ஆனால் கடைசிச் சுற்று, தட்டில் பதிந்து உட்கார என்றே வளைத்த சுற்று. அது போனபின் ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். கேஸ் கட்டரில் அறுத்தால் அந்த இடத்து எஃகின் பதமே கெட்டுவிடும். இது உயிரோடு விளையாடுவது. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் நான் செய்துகொடுத்ததில்லை.

கடலோரக்காரர்களுக்கென்று ஒன்று சொல்லவேண்டும். செய்யூரைச் சுற்றி உப்பளம்; காற்றிலேயே உப்பு. லோயரிங் ஸ்பிரிங்குகளில் பல புரோகிரசிவ் வகை: ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும், பாரம் ஏறியதும் அவை ஒன்றையொன்று தொட்டு ஓய்ந்துவிடும், மிச்சச் சுற்றுகள் விறைப்போடு வேலை செய்யும். சாதாரண ஓட்டத்தில் மென்மை, வளைவில் இறுக்கம், நல்ல யோசனைதான். ஆனால் தொட்டுக்கொள்ளும் சுற்றுகளுக்கு நடுவே கடல் மணல் புகுந்தால் அது பெயின்ட்டை அரைத்துத் தள்ளும். பெயின்ட் போன இடத்தில் உப்பு இறங்கித் துரு குழி பறிக்கும். ஸ்பிரிங் எஃகுக்கு மேற்பரப்புதான் பலம். தொழிற்சாலையில் எஃகுக் குண்டுமணிகளைப் பொழிந்து அடித்து அந்தத் தோலைக் கெட்டிப்படுத்துவதே அதற்காகத்தான். அந்தத் தோலில் குழி விழுந்தால் விரிசல் அங்கிருந்து தொடங்கும். அதனால் எங்கள் ஊருக்கு, நெருக்கச் சுற்றுகளின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வருகிற ஸ்பிரிங்கையோ, சுற்றுகள் சீராக விலகியிருக்கும் லீனியர் வகையையோதான் எடுக்கச் சொல்வேன். மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்க்கவேண்டும்.

முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும் என்று மாற்றவே கூடாது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினால், மேடு ஒன்றைத் தாண்டியபின் வண்டியின் முன்னும் பின்னும் மாறி மாறித் தலையாட்டுவது சீக்கிரம் அடங்கும் என்று 1930களில் மாரிஸ் ஓலி என்கிற பொறியாளர் ஜெனரல் மோட்டார்ஸில் நிறுவினார். நாலும் ஒரே செட்டாக இருந்தால்தான் அந்தப் பொருத்தம் கெடாது. பின்சீட்டில் உட்கார்ந்து மதுராந்தகம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற என் அம்மாவுக்கு ஓலியின் பெயர் தெரியாது. இடுப்புக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். கம்பெனி ஷாக், கம்பெனி ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கத்தான் அளவாகச் செய்யப்பட்டது. விறைப்பு கொஞ்சம் கூடினால் சமாளிக்கும். அதிகம் கூடினால் வண்டி ஒரு குதிப்பில் நிற்காமல் இரண்டு மூன்று குதிக்கும். ஷாக் பழசாக இருந்தால் ஸ்பிரிங் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது நல்லது. கூலியும் ஒரே கூலி. சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் வீல் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்கவேண்டும். வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். கவனிக்காவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாமலே கம்பி தெரியும்.

சட்டத்தையும் பேசினோம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பிறகு பட்டறைக்கு வா என்றேன். கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைக்கவும் சொன்னேன்.

அவனுக்கு இன்னும் 30 மி.மீட்டரில்தான் கண். பி.எம்.டபிள்யூ.வே தன் எம் ஸ்போர்ட் சஸ்பென்ஷனைச் சாதாரண 3 சீரிஸைவிட 10 மி.மீ.தான் தாழ்த்தியிருக்கிறது. அத்தனை எஞ்சினியர்களும் சோதனைத் தடங்களும் வைத்திருப்பவர்கள் 10-இல் நின்றிருக்கிறார்கள் என்றால், செய்யூர்த் தெருவில் 30 எதற்கு? என் தீர்ப்பு 15 மி.மீ. தெருமுனை மேட்டில் தனியாக வந்தால் நேராகத் தாண்டலாம். வீட்டார் இருந்தால் ஒவ்வொரு சக்கரமாகச் சாய்த்து ஏற்றலாம். பார்வைக்கு இரண்டு விரல் இடைவெளி குறையாது, ஒரு விரல்கூட முழுசாகக் குறையாது. ஆனால் வளைவில் ஸ்டீயரிங் பிடித்திருப்பவன் கைக்கு வித்தியாசம் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களில் இப்படி ஆசையோடு கார் வாங்கி வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனை வேகத்தடையையும் வாசல் சாய்வையும் அளந்து பாருங்கள். வீட்டார் எல்லோரையும் காரில் உட்காரவைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். தனியாக இருக்கும்போதே மிச்சம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால், கம்பெனி ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு அந்தக் காசில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள்.