நானாவின் கறுப்பு இறுவட்டுகள்

தோஹாவில் வேலை செய்யும் நானா, உள்ளங்கை அளவான ஒரு விளையாட்டுக் கருவி வாங்கியிருக்கிறார். வேலைத்தளத்துக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், பஸ்ஸில் பொழுது போக வேண்டுமே! "தங்கச்சி, அலுமாரிக்கு மேல இருக்கிற பிளேஸ்டேஷன் சீடி எல்லாத்தையும் இதுல போடுற மாதிரி மாத்தி அனுப்புங்க" என்றார். வீட்டில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவள் நான்தான். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு கேம்?" என்று மாமி கேட்டார். விளையாடப் போவது நானா, வேலை மட்டும்தான் எனக்கு என்றேன்.

அந்தப் பிளேஸ்டேஷன், மாமா சவூதியிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இயந்திரம் அது. பெட்டியில் பதினொரு இறுவட்டுகள் இருந்தன. தெஹியோவிட்ட மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும் ஊர். இறுவட்டுகளிலும் வெள்ளைப் புள்ளிகள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும். தரவு வட்டமாக எழுதப்பட்டிருப்பதால், வட்டமாகத் துடைத்து விழும் கீறல்தான் அதிகம் கெடுக்கும்.

துடைக்கும்போதுதான் கவனித்தேன், மூன்றின் அடிப்பக்கம் கறுப்பு, எட்டு வெள்ளி. அசல் பிளேஸ்டேஷன் இறுவட்டின் அடி கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளி எல்லாம் பிரதி. அசலின் உள்விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. இயந்திரம் அதைத் தேடிப் பார்க்கும், சாதாரண கணினியால் அதைப் பிரதி பண்ண முடியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் இயந்திரத்துக்குள்ளே சிப் வைத்துக் கொடுத்தார்கள்.

வாப்பா இறப்பர் ஷீட் வாங்கி விற்பவர். தராசைப் பார்க்கிற பார்வையோடு இரண்டு குவியலையும் பார்த்தார். "காசு குடுத்து வாங்கினதை மாத்துங்க. மத்தது மத்தவன்ட உழைப்பு" என்றார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், கணினி நிரலின் சட்டபூர்வமான சொந்தக்காரர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளத்தான் இடம் கொடுக்கிறது. ஆனால் நானா மிகவும் ஆசைப்பட்ட டெக்கன் 3, வெள்ளிக் குவியலில் இருந்தது. அவருக்கு அதைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தேன்.

கறுப்பில் ஒன்று ரிட்ஜ் ரேசர். அதில் முதல் தடம் மட்டும்தான் தரவு, மற்றவை பாட்டு இறுவட்டில் உள்ளதுபோல இசைத் தடங்கள். ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தால் இசை போய்விடும். ஆகவே பின் கோப்பும், எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கியூ கோப்பும் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு சிஎச்டிமேன் என்ற இலவச மென்பொருள், எதையும் இழக்காமல் இரண்டையும் சுருக்கி ஒரே சிஎச்டி கோப்பாக்கித் தரும். தோழியிடம் இரவல் வாங்கிய டிவிடி வாசிப்பான் ஓர் இறுவட்டில் நாற்பது நிமிடம் முக்கியது. மூன்று கோப்பையும் இரவு டேட்டாவில் அனுப்பி முடிக்க நான்கு இரவுகள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நானா அழைத்தார். டெக்கன் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "வாப்பா சொன்னா சரிதான். அது சரி, ஹனீபாட பாட்டு எங்க?"

ரிட்ஜ் ரேசர் முழுவதும் இயந்திரத்தின் 2 மெகாபைட் நினைவகத்தில் ஏறிவிடும். பிறகு இறுவட்டைக் கழற்றி வேறு பாட்டு இறுவட்டைப் போட்டாலும் கார் ஓடும். நானா சின்ன வயதில் வாப்பாவின் நாகூர் ஹனீபா இறுவட்டைப் போட்டுத்தான் ஓட்டுவாராம். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது.

கியூ கோப்பு வெறும் எழுத்துத்தான். நோட்பேடில் திறந்து இசைத் தடங்களின் இடத்தில் வேறு பாட்டுக் கோப்புகளின் பெயரை எழுதி, மறுபடி சிஎச்டி ஆக்கிப் பார்க்கலாம். உம்மா இப்போது அலுமாரிக்கு அடியில் ஹனீபா இறுவட்டைத் தேடிக்கொண்டிருக்கிறா.