நான்கு தடங்கள்

எழுபத்தொன்பது வயது உபதேசியார் ஒருவர் தம் மெட்டுகளைப் பதிவு செய்து தருமாறு நம்மிடம் கேட்டார். பல்லாண்டுகளாக ஆர்மோனியத்தில் அவர் அமைத்த தவக்கால மெட்டுகள் ஒன்பது. எதற்கும் சுரம் எழுதி வைக்கவில்லை. அவருடைய விரல்களிலும் தொண்டையிலும் மட்டுமே அவை இருந்தன. "தம்பி, உங்களிடம்தான் கணினி இருக்கிறதே, அடுத்த சாம்பல் புதனுக்குள் முடித்துவிடலாம் அல்லவா?" என்றார். முடித்துவிடலாம் என்று வாக்களித்தோம். அந்தச் சாம்பல் புதன் வந்தது, போயிற்று.

அந்த ஓராண்டில் நாம் சும்மா இருந்துவிடவில்லை. ஒலிவாங்கி வாங்கினோம், ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் பெட்டி வாங்கினோம், இரவெல்லாம் பாடக் காணொளிகள் பார்த்தோம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசரை முதலில் வைக்க வேண்டும் என்பார் ஒருவர்; இல்லை, ஈக்வலைசருக்குப் பின்னரே என்பார் மற்றொருவர். எதிரொலி சேர்க்க மட்டும் எத்தனை வகை! நள்ளிரவு தாண்டியும் திரையை வெறித்திருந்துவிட்டு, எதையும் சேமிக்காமலே கணினியை அணைத்த நாள்கள் பல. ஆறு மாத உழைப்பில் தேறியது ஒரே பாடலின் முதல் சரணம். அதற்கு முப்பத்திரண்டு தடங்கள்! வெட்கம் மேலிட, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியார் நிற்கும் தலைவாசலைத் தவிர்த்துப் பக்கவாசல் வழியே வெளியேறலானோம்.

ஒருநாள் அவரே வீடு தேடி வந்தார். கேட்டது எதையும் நினைவூட்டவில்லை. பேச்சினூடே ஒரு மெட்டை முணுமுணுத்தார். மேல்ஸ்தாயியில் குரல் உடைந்தது. மீண்டும் முயன்றார், உடைந்தது. "பனி," என்றார். பனிக்காலம் முடிந்து வெகு நாளாகியிருந்தது.

அன்றிரவுதான், முன்பு எங்கோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு, லண்டன் அபே சாலைக் கூடத்தில் நான்கு தடக் கருவிகளைக் கொண்டு பதிவானது. நான்கும் நிரம்பினால், அவற்றைக் கலந்து மற்றொரு கருவியின் ஓரிரு தடங்களில் ஏற்றிவிட்டு மேலே செல்வார்கள். கலந்ததைப் பின்னர் பிரிக்க இயலாது. நம் கணினியிலோ எதையும் எப்போதும் மாற்றலாம். ஆகவே எதையும் முடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லாமற் போயிற்று.

நான்கு தடங்களுக்கு மேல் திறப்பதில்லை என முடிவு செய்தோம். குரல், ஆர்மோனியம், தபேலா, பல்லவியைத் திருப்பிப் பாடும் குழு. மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னே உபதேசியாரை அமர்த்தினோம். பாட்டும் வாசிப்பும் ஒருசேரப் பதிவாயின. ஆர்மோனிய ஒலி குரல் தடத்திலும் கசிந்தது. கசியட்டும் என்று விட்டுவிட்டோம். ஓராண்டுக்கு முன் அதற்காக ஒரு மாதம் செலவிட்டிருப்போம்.

குழுவினர் பாடும்போது ஒரு சிக்கல். காதணியில் தங்கள் குரலே பிந்திக் கேட்கிறது என்றார்கள். கணினி 1024 மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு பின்பே அனுப்பிற்று. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், அது ஒன்றுக்கே ஏறத்தாழ 23 மில்லி நொடித் தாமதம். அதை 128 ஆகக் குறைத்தோம். ஏறத்தாழ 3 மில்லி நொடி. பத்து நிமிட வேலை. இதே பாடத்தை முன்பு மூன்று முறை கேட்டிருந்தும் புரிந்திருக்கவில்லை. அப்போது நம் முன்னே பாடுவோர் யாரும் இல்லை. குரல் தடத்தில் 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள இரைச்சலை வெட்டியதும் லாரி உறுமல் அடங்கியது. கம்ப்ரசரில் ஒரே ஓர் அளவு. எது முன், எது பின் என்னும் வழக்கு இன்றுவரை நமக்குத் தீரவில்லை.

மூன்று வாரங்களில் ஏழு மெட்டுகள் முடிந்தன. எஞ்சிய இரண்டின் உச்ச சுரங்களை அவருடைய குரல் எட்டவில்லை. அவற்றை ஆர்மோனியத்தில் மட்டும் வாசித்துவிட்டு, பாட்டின் அடிகளைத் தனியே சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். அவ்விரண்டிலும் முதல் தடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் அடிகளைக் கொடுத்திருக்கிறோம். மாலைதோறும் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் பாடம் நடக்கிறது.