பழஞ் செய்நிரலுக்கு உரை கண்டமை

கல்லூரியிலே நன்னூற் சூத்திரங்களைப் பதம்பிரித்துப் பழகியது கணினித் தொழிலுக்கும் உதவுமென யாம் அன்று எண்ணினோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வூதியங் கணிக்கும் பழைய கோபோற் செய்நிரலொன்றை ஓர் அலுவலகத்தார் எம்மிடம் ஒப்படைத்தனர். எழுதியவர் காலமாகிவிட்டார், விளக்கக் குறிப்போ ஒன்றேனும் இல்லை.

1959 இல் உருப்பெறத் தொடங்கிய அம்மொழியிலே தரவு ஒரு பிரிவிலும் செயல் மற்றொரு பிரிவிலும் நிற்கும். நோர்வேயிற் பிறந்த சிமுலா 67 காட்டிய வழியோ, தரவையும் அதற்குரிய செயலையும் ஒன்றாகக் கட்டிப் 'பொருள்' என வழங்குவது. எனவே, எச்செயல் எத்தரவைத் தொடுகின்றதென வரிவரியாகத் தேடி, ஓய்வூதியர், கொடுப்பனவு, தங்கிவாழ்வோர் எனப் பொருள்களை வகுத்தோம்.

ஒரு நிபந்தனை மாத்திரம் எதனுள்ளும் அடங்கவில்லை. பயனற்றதென நீக்கினோம். (எமது இறுமாப்பு அத்தகையது!) பழைய நிரலையும் புதியதையும் ஒருங்கே ஓட்டிப் பார்த்தபோது சிலருடைய தொகை குறைந்தது. அனைவரும் விதவைகள். இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவரைத் தேடிச் சென்று வினவினோம். முன்னாளில் வழங்கிப் பின்னர் நிறுத்தப்பட்ட படியொன்று, அதனை ஏற்கெனவே பெற்றோருக்கு மட்டும் தொடர்கின்றதென்றார். அதற்குரிய சுற்றறிக்கையை அலுவலகத்தில் எவராலும் கண்டெடுக்க முடியவில்லை. அவ்வொரு வரியே எஞ்சியிருந்தது.

மறுநாள் அதனைத் 'தங்கிவாழ்வோர்' என்ற பொருளினுள், காரணமும் எழுதி, மீள வைத்தோம்.