இந்தியாவுக்குப் போனது நாங்கள்

நான் என் ஊரான மன்னார் வங்காலையை விட்டுப் போனபோது ஓடிய தலைமன்னார் ரயில் 1990இல் நின்று, 2015இல்தான் திரும்பவும் வந்தது. அதில் ஏறி முருங்கனில் இறங்கினேன். வங்காலைப் பக்கம் மாரித் தண்ணி தேங்கிய வெளிகளில் பூநாரைகள் நின்றன. ஓட்டோ ஓட்டிய தம்பிக்கு முப்பது வயதும் இராது. "கோயிலுக்கோ அண்ணை? நாளைக்குப் பஸ்ரியன் சாமியின்ர நாள்" என்றான். தான் பிறக்கும் முன்னரே கொல்லப்பட்டவரை நேற்றுப் பூசை வைத்தவர்போல் அவன் சொன்னதும் எனக்கு நெஞ்சடைத்துப் போயிற்று.

அருட்தந்தை மேரி பஸ்ரியன் எங்கள் பங்குத்தந்தை. புனித ஆனாள் கோயிலில் அவர் பூசை வைக்க, பீடத்தில் மணியடித்த பையன்களில் நானும் ஒருவன். 1984 நத்தாரை நினைத்தால், பூசை முடிந்ததும் வாசலில் அவரை மொய்த்து நின்ற சனம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அந்த மாதம் 4ஆம் திகதி, கண்ணிவெடி ஒன்றுக்குப் பழிவாங்க இராணுவம் மன்னார் வீதிகளில் கண்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளியிருந்தது. 13ஆம் திகதி மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கமும் கொல்லப்பட்டார். அங்கி போட்டவர்களையும் விடமாட்டார்கள் என்று அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சாமிக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நடந்த அநியாயங்களை அவர் வெளியே சொல்லிக்கொண்டே இருந்தார். பங்கை விட்டுப் போகவில்லை.

1985 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. மூன்று இராசாக்கள் திருநாளைக் கொண்டாடும் காலம். அந்த இரவு இராணுவம் ஊருக்குள் வந்தது. விடிந்தபோது எங்களுக்குப் பூசை வைக்கச் சாமி இல்லை. அவருடைய உடல் எங்களுக்குத் தரப்படவேயில்லை. அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போய்விட்டார் என்று அரசாங்கம் சொன்னது.

இத்தனை வருடமாக என்னால் பொறுக்க முடியாமல் இருப்பது அந்தச் சொல்தான். இந்தியாவுக்குப் போனது நாங்கள். இரவோடு இரவாக வள்ளமேறி, இராமேசுவரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு நாடுநாடாகச் சிதறியது நாங்கள். உயிருக்குப் பயந்து ஓடுவது பாவமல்ல. அதை நான் யாருக்கும் சொல்வேன். ஆனால் ஓடாமல் நின்ற ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு, அவர் ஓடிவிட்டார் என்று உலகத்துக்குச் சொல்வது அவரை இரண்டாம் முறை கொல்வதாகவே எனக்குப் படுகிறது.

நான் ஊருக்கு வந்த மறுநாள் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. கல்லறை இல்லாதவருக்கு நினைவிடத்தில் மாலை போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். போர் நடந்தபோதும், ஊர் பாதியாய்க் கிடந்தபோதும் இந்த நாளை விட்டதில்லை என்று பக்கத்தில் நின்ற அக்கா சொன்னார். கோயிற்காரியம் பார்த்த குடும்பத்தில் வந்தவர். என்னை அடையாளம் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "எட தம்பி, அண்டைக்கு ராத்திரி வெடிச்சத்தம் கேட்ட ஆக்கள் எத்தினை பேர் இப்ப உசிரோட இருக்கினம்? அரைவாசிப் பேர் உங்கட பக்கத்திலதான் இருக்கினம். அவையிட்டக் கேட்டு எழுதி வையுங்கோவன்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, போரின் கடைசி மாதங்களில் வன்னியில் என்ன ஆனார்கள் என்று தெரியாமற்போன 1,46,679 பேருக்குக் கணக்குக் கேட்டபோது, கையில் எண்களோடுதான் போனார். அந்தச் சாட்சியத்தை இன்றைக்கும் எவராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. ஆயரும் 2021இல் போய்விட்டார். எங்கள் சாமியின் இரவுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்: யார் எந்த வீட்டில் இருந்தார், எத்தனை மணிக்கு என்ன கேட்டது, விடிந்ததும் கோயில் வளவில் என்ன கிடந்தது, அவரோடு போன மற்ற உயிர்கள் யார் யார்.

வங்காலையிலிருந்து போய்ப் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருப்பவர்களே, உங்கள் வீட்டில் அன்றைக்கு ஊரில் இருந்த அம்மாவோ பெரியப்பாவோ இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள். திகதி போட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஒரு பிரதியை ஊர்க் கோயிலுக்கு அனுப்புங்கள். நான் என் சின்னம்மாவிடமிருந்து தொடங்கிவிட்டேன்.