கூட்டம் சேர்ந்தால் துள்ளும் மட்டக்குதிரை!

எனக்குச் சொந்த ஊர் பூம்புகார். கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் என்று பட்டினப்பாலை சொல்லும் ஊர். இன்று எங்கள் பக்கத்தில் குதிரை என்றாலே, காணும் பொங்கலும் திருக்கடையூர் எல்கைப் பந்தயமும்தான் நினைவுக்கு வரும்.

தனியாக வரும்போது சாதுவாக இருக்கும் மட்டக்குதிரை, நாலு வண்டி சேர்ந்ததும் ஏன் துள்ளுகிறது? வண்டியோட்டும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "திமிர் இல்ல தங்கச்சி, பயம். முன்னால ஒண்ணு ஓடுனா இதுவும் பதறிடும்" என்றார்.

உண்மைதான். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஆபத்து என்றால் ஓடித் தப்பிப்பதே அதன் இயல்பு. மற்றவை ஓடினால் காரணம் பார்க்காமல் தானும் ஓடும்.

2005 வரை குதிரையேறிக் கூட்டமாக நரி வேட்டைக்குப் போன இங்கிலாந்துக்காரர்கள், உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவார்கள். 'தள்ளி வா' என்று அர்த்தம். ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியிலும் வெள்ளைக்காரர்கள் அப்படிக் குதிரையில் வேட்டையாடியிருக்கிறார்கள்.

துள்ளும் குதிரையின் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் பதற்றம் கூடும். லேசாக இழுத்து, உடனே தளர்த்த வேண்டும். இடமிருந்தால் வட்டமாக நடத்தலாம். முன்னால் போகும் குதிரைக்கு ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் ஓட்டுபவர் கையில். பைக்கில் விரட்டி ஹாரன் அடிக்காமல் இருப்பது நம் கையில். வீடியோ எடுங்கள், தப்பில்லை. ஆனால், வண்டியில் இருப்பவரும் குதிரையும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே... கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள் மக்களே!