கன்னர் சீட்டு

விவசாயத்துல பாதி வேலை காத்திருக்கிற வேலைதான். மழைக்குக் காத்திருக்கணும், களை எடுக்க ஆளுக்குக் காத்திருக்கணும், ராத்திரியில த்ரீ பேஸ் கரண்டுக்குக் காத்திருக்கணும். பதினோரு மணிக்கு வரும்னு சொல்வாங்க, ஒரு மணிக்கு வரும். அதுவரைக்கும் மோட்டார் ரூம்ல சிலர் கயித்துக் கட்டில்ல படுத்துத் தூங்குவாங்க, சிலர் செல்போன் பார்ப்பாங்க. சிங்கிள் பேஸ்ல பல்பு எரியுதில்ல, அந்த வெளிச்சத்துல நான் டேங்க் செய்வேன்.

தண்ணி டேங்க் இல்லீங்க. பட்டாளத்து டேங்க். பிளாஸ்டிக்ல, நிஜ வண்டியில 35-ல ஒரு பங்கு அளவுக்கு.

எங்க வேலூர் ஜில்லாவுல பட்டாளத்துக்குப் போறது ஒண்ணும் அதிசயம் இல்லை. கம்மவான்பேட்டையைப் பத்தி பேப்பர்லயே வந்திருக்கு, வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்துக்குப் போன ஊர். நான் பத்தாவது முடிச்சு 1989-ல் சேர்ந்தேன். அகமத்நகரில் ட்ரெய்னிங். அப்புறம் 17 வருஷம் டேங்க் டிரைவர். ரெஜிமென்ட் பேரை எழுத மாட்டேன், அது பழக்கம். ஓட்டினது டி-72. ரஷ்யாக்காரன் வண்டி, அஜேயான்னு பேர் வெச்சு நம்ம ஆவடியிலயே கட்டினாங்க. காட்பாடியில ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துல ஆவடி. அங்க பிறந்த வண்டியை நான் ராஜஸ்தான் மணல்ல ஓட்டினேன்.

இன்னிக்கு என் கழனிக்கு வாடகைக்கு வர்ற டிராக்டர் 45 எச்.பி. அந்த வண்டி 780 எச்.பி., எடை 41 டன்னுக்கு மேல. ஸ்டீரிங் கிடையாது, ரெண்டு பக்கமும் ரெண்டு லீவர். இடது லீவரை இழுத்தா இடது பக்கம் திரும்பும். ஜோடி மாட்டை மூக்கணாங்கயித்துல திருப்புற மாதிரிதான். அதனாலேயே எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டுதுன்னு நினைக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பார்க்கிற மகன் முதல் பெட்டியை ஆன்லைன்ல வாங்கி அனுப்பினான். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா, "ஒரு மாட்டுக்கு ஒரு மாசத் தீவனம் ஆச்சே, பொம்மைக்கா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. இப்பவும் என்கிட்ட பதில் இல்லை. வருஷத்துக்கு ஒரு பெட்டிதான், அதுவும் மகன் துட்டு.

பெட்டியைத் திறந்தா சட்டம் சட்டமா பிளாஸ்டிக் வரும். பாகமெல்லாம் அந்தச் சட்டத்துல காம்போட ஒட்டிக்கிட்டிருக்கும். நகவெட்டியால நறுக்கி, உப்புத்தாளால தேய்ச்சு, கரைச்சு ஒட்டற பசை போட்டு ஒட்டணும். 35-ல ஒரு பங்குங்கிற கணக்கு எங்க இருந்து வந்துதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். முப்பதுன்னு வெச்சிருக்கலாம், நாப்பதுன்னு வெச்சிருக்கலாம். ஜப்பான்ல தமியான்னு ஒரு கம்பெனி, 1961-ல் ஜெர்மனிக்காரனுடைய பேந்தர் டேங்க்கை மோட்டார் வெச்சு ஓடற மாதிரி செஞ்சாங்க. உள்ள ரெண்டு பேட்டரி அடங்கணும், அதுக்குத் தகுந்த சைஸ்ல உடம்பை வெச்சுட்டாங்க. அப்புறமா நிஜ வண்டியோட ஒத்துப் பார்த்தா கிட்டத்தட்ட 35-ல ஒரு பங்கு. அதையே மத்த வண்டிக்கும் வெச்சாங்க, உலகம் முழுக்க அதே கணக்காயிடுச்சு. பேட்டரி போட்ட கணக்கு! நம்ம ஊர்ல படி, மரக்கான்னு அளந்த மாதிரிதான், ஏதோ ஒரு பாத்திரம் முதல்ல இருந்திருக்கும்.

இந்தக் கணக்குல டி-72 பீரங்கிக் குழாயோட சேர்த்து 27 சென்டிமீட்டர் வரும். முழங்கையில பாதிக்குக் கொஞ்சம் மேல. அதோட முதுகுல ரெண்டு டீசல் பேரல் கட்டியிருக்கும், 200 லிட்டர் பேரல். பெட்டியில வந்த பேரல் ஒண்ணு உடைஞ்சிருந்தது. நம்ம சொட்டுநீர்க் குழாய், 16 மில்லிமீட்டர் லேட்டரல் இருக்கே, அதைத் துண்டு நறுக்கி வெச்சேன். அப்படியே பொருந்திடுச்சு. 200 லிட்டர் பேரலை 35-ஆல வகுத்தா சொட்டுநீர்க் குழாய்! இதுக்கு நான் பட்ட சந்தோஷத்தை வீட்ல யாருக்கும் புரிய வைக்க முடியல. பேரலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை கட்டியிருப்போம், வண்டி சேத்துல மாட்டினா செயினுக்கு அடியில குடுத்து ஏத்த. அதுக்குப் பென்சில் பருமன்ல கருவேலங்குச்சி, பட்டையோட.

பெயிண்ட் அடிக்கிறதுதான் பெரிய வேலை. அதுவும் அழுக்கு பண்றது. இதுல எனக்கும் மத்த மாடல்காரங்களுக்கும் ஒத்துப் போகாது. அவங்க செய்யற வண்டியில செயின் முழுக்கத் துருவா இருக்கும், செங்கல் கலர்ல. பார்க்க அழகுதான். ஆனா ஓடற டேங்க்கோட செயின் துருப்பிடிச்சு நிக்காதுங்க. ஏர் உழுதவனைக் கேளுங்க, கொழு எப்படி இருக்கும்? மண்ணு தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளியாட்டம் பளபளங்கும். ரெண்டு மழைக்குச் சும்மா கிடந்தாதான் துரு. செயினும் அப்படித்தான். தரையில படற இடம் மினுக்கும், உள் மூலையில மண்ணு அடைஞ்சிருக்கும். செயின்ல துரு இருந்தா அந்த வண்டி நிக்குதுன்னு அர்த்தம். புகைபோக்கி இடது பக்கம் பின்னால இருக்கும், அங்க மட்டும்தான் கரி. ராஜஸ்தான்ல சேறு கிடையாது, மாவு மாதிரி தூசு. அது மட்டமான இடத்துலதான் உட்காரும். நாங்க ஏறி இறங்கற வழியில பூட்ஸ் பட்டு அழிஞ்சு போயிருக்கும். டீசல் சிந்தின இடத்துல கருத்து நிக்கும். இதையெல்லாம் நான் எங்கேயும் படிக்கல.

போன வருஷம் தை மாசம், பாலக்காட்டுல இருந்து ஒரு போன் வந்தது. பொண்ணு குரல். "அங்கிள், நான் அச்சனோட மகள்"னு சொல்லுச்சு. அச்சன் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பேச்சுல அதே இழுப்பு.

அவர் எங்க கன்னர். பீரங்கியைக் குறி பார்த்துச் சுடறவர். என்னைவிட நாலு வருஷம் சீனியர். பாலக்காடுன்னுதான் கூப்பிடுவோம், சொந்தப் பேர் ரோல் காலுக்கு மட்டும். ஆறு வருஷம் ஒரே டேங்க்ல இருந்தோம். ஊருக்குப் போய் ரெண்டாம் வருஷம் மாரடைப்புல போய்ட்டார். பொண்ணுக்கு அப்ப ஆறு வயசுகூட ஆகல. என் மாடல் படம் யார் மூலமாவோ அது கைக்குப் போயிருக்கு. அச்சன் டேங்க் பக்கத்துல நிக்கிற போட்டோ வீட்டுல இருக்காம். "உள்ள எங்க உட்கார்ந்திருந்தாருன்னு எனக்குத் தெரியணும் அங்கிள். அதை மட்டும் செஞ்சு தருவீங்களா?"

தரேன்னுட்டேன். போனை வெச்சதுக்கு அப்புறம்தான் யோசனை. பெட்டியில வர்ற டேங்க்குக்கு உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் ஓடு. எல்லாம் நானே செய்யணும். அது பெரிசில்ல. டி-72-ல மூணே பேர். டிரைவர் முன்னால, உடம்புக்குள்ள, தனியா. மேலே சுத்தற தலைக்கு டரட்னு பேர். அதுல இடது பக்கம் கன்னர், வலது பக்கம் கமாண்டர், நடுவுல பீரங்கியோட அடிப்பாகம் சுவர் மாதிரி. அப்ப ஓடும்போது நான் அவரைப் பார்த்ததே கிடையாது. ஹெட்செட்ல வர்ற குரல்தான் அவர். வண்டி நின்னப்ப அந்த சீட்டுல நானும் உட்கார்ந்திருக்கேன், துடைச்சிருக்கேன். ஆனா அவர் அதுல எப்படி உட்கார்ந்தார், கால் எங்க, முழங்கை எங்க?

கமாண்டர் இப்ப கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கார். போன் பண்ணினேன். "சார், பாலக்காடு குறி பார்க்கறப்ப எப்படி உட்காருவார்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்கு எங்கப்பா தெரியும்? நடுவுல பீரங்கி இருக்கு. அவன் தொப்பி தெரியும், அவ்ளோதான்"னார். அப்புறம் அவரே, "தொப்பியைச் சாய்ச்சு வெச்சு, நெத்தியை ரப்பர்ல முட்டுக் குடுத்துக்கிட்டு இருப்பான். ஏதோ குழியில எட்டிப் பார்க்கற மாதிரி"ன்னார். அது போதும்.

மூணு மாசம் ஆச்சு. நடுவுல மல்லாட்டை அறுவடை வந்ததால இருபது நாள் நின்னு போச்சு. டரட் உள்ள டீ டம்ளர் வாய் அகலம்தான். மாட்டுக் காதுல இன்சூரன்ஸ்காரங்க போடற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையில பழசு ஒண்ணு கிடந்தது, அதை அறுத்து சீட்டு. ஒரு சென்டிமீட்டர் அகலம். சைக்கிள் டியூப் ரப்பர்ல நெத்தி முட்டற பட்டை. எரிஞ்சு போன மோட்டார்ல இருந்து எடுத்த செம்புக் கம்பியில ஒயர். மாத்திரை அட்டைத் தகட்டுல பெட்டிங்க. கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேணும் இப்ப. கை நடுங்கினா, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி ஒட்டுவேன். சுடறப்ப அப்படித்தான் செய்யணும்னு அவர் சொல்லிக் கொடுத்தது. டரட் மேல் ஓட்டை ஒட்டாம விட்டேன், டப்பா மூடியாட்டம் தூக்கிப் பார்க்கலாம். சீட்டுக்கு அடியில தரைக்குக் கீழே 22 குண்டு வட்டமா அடுக்கியிருக்கும், தானா தூக்கிப் பீரங்கியில வெக்கிற மிஷின். அது தகடு மூடி இருக்கிறதால வெளிய தெரியாது, செய்யல. அவர் உட்கார்ந்தது அதுக்கு மேலதான்னு மட்டும் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லாம விட்டுட்டேன்.

இன்னொண்ணு சொல்ல வேண்டியிருந்தது. 2001 டிசம்பர்ல பார்லிமென்ட் தாக்குதலுக்கு அப்புறம் எங்களை எல்லைக்கு நகர்த்தினாங்க. பராக்ரம்னு பேர். 2002 அக்டோபர் வரைக்கும் சண்டையும் இல்லை, திரும்பியும் போக முடியாது. எங்களுக்கு லீவு நிறுத்தி வெச்சிருந்தாங்க. இந்தப் பொண்ணு பொறந்தது அந்த மார்ச்சுல. காலையில தபால்ல சேதி வந்திருக்கு, அவர் யார்கிட்டயும் சொல்லல. வண்டி ஸ்டார்ட் பண்ணி, அவரவர் ஹெட்செட் சரியான்னு சோதிக்கும்போது, "கன்னர் ஓகே"ன்னு சொல்லணும். அவர், "கன்னர் ஓகே. பெண்குட்டி"ன்னார். எனக்கு ஒரு நிமிஷம் புரியல. நல்லவேளை அது வண்டிக்குள்ள பேசற இன்டர்காம், ரேடியோ இல்லை. கமாண்டர் திட்டிட்டு, சாயங்காலம் லங்கர்ல சொல்லி ரவா அல்வா கிளற வெச்சார். மகளை அவர் முதல்ல பார்த்தப்ப அதுக்கு ஏழு மாசம் முடிஞ்சிருந்தது.

கூரியர்ல அனுப்ப மனசு வரல. காட்பாடியில ரயில் ஏறி, தெர்மாகோல் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டே பாலக்காடு போனேன். அந்தப் பொண்ணு டரட் மூடியைத் தூக்கிச் செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. "இங்க இருந்தா என் பேச்சைச் சொன்னார்?"னு கேட்டது. ஆமாம்மான்னேன். உடனே எழுந்து அம்மாவைக் கூப்பிடப் போச்சு. அந்தம்மா முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டு வந்து குனிஞ்சு பார்த்தாங்க. "இத்தனை சின்ன இடமா? சாருக்கு முட்டி வலின்னு எப்பவும் சொல்வார்"னு மலையாளத்துல சொன்னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க. சோறு போட்டாங்க. நான் கொண்டு போன மல்லாட்டையை வாங்கிக்கிட்டு, ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ் குடுத்தாங்க.

திரும்பி வர்றப்ப, ரயில் கோயம்புத்தூர் தாண்டறதுக்குள்ள கமாண்டர் போன். பொண்ணு போட்டோ அனுப்பியிருக்கு.

"ஏம்பா, பாலக்காடு சீட்டு மட்டும்தான் செஞ்சியா, என் சீட்டையும் போட்டியா?"

"போட்டிருக்கேன் சார். வலது பக்கம் பாருங்க."

"இருட்டா இருக்கு, தெரியல. இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்லு."