எண்ணூர் சாலைக்கு இரண்டு ஷாக்கப்சர்

காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் மேடு என்று ஏதாவது இருந்தால் அது ரயில் பாதைக்கு மேலே போட்ட பாலம்தான். மற்றபடி கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிற தட்டை நிலம். இந்தத் திருவொற்றியூரில் இருந்துகொண்டு, வீட்டின் ஒரே சைக்கிளாக, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஷாக்கப்சர் வைத்த மலை சைக்கிளை வாங்கினேன். தெருமுனை டீக்கடையில் விலை கேட்டார்கள், சொன்னேன். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்வருகிற ஒருவர் தன் எக்ஸ்எல் மொபெட்டைத் தட்டிக் காட்டி, "இந்தத் துட்டுக்கு ரெண்டு எக்ஸ்எல் எடுத்திருக்கலாமே சார்" என்றார். கணக்கு சரிதான், மறுக்கவில்லை.

சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் தார்ச் சாலைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். வடசென்னையில் ஒரு குடித்தனத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிது. பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிளில் அப்பா ஷிஃப்டுக்குப் போவார், அம்மா அதிலேயே குடத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள்தான் நிற்கும். அந்த ஓர் இடத்தில் எதை நிறுத்துவது என்று நான் யோசித்த யோசனைக்கு, சொந்த வீடு வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

கடைகளில் எல்லோரும் தார்ச் சாலைக்கும் மண்ணுக்கும் நடுவான ஹைப்ரிட் சைக்கிளை எடுக்கச் சொன்னார்கள். ஒன்றை இரவல் வாங்கி எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கிற சாலை அது. வெயிலில் இளகிய தார்மேல் நாற்பதடி கன்டெய்னரோடு வண்டி மணிக்கணக்கில் நின்றால், சக்கரத் தடத்தில் தார் அமுங்கி, ஓரத்தில் பிதுங்கி வரப்பாக எழும்பும். இரவில் இறுகினால் கல். மெல்லிய டயர் அந்தத் தடத்துக்குள் விழுந்துவிட்டால் டிராம் தண்டவாளத்தில் மாட்டியதுபோல, நினைத்த பக்கம் ஒடிக்க முடியாது. பின்னாலேயே இன்னொரு டிரெய்லர் காற்று பிரேக்கைச் சீறிக்கொண்டு வரும். அன்றைக்கே ஹைப்ரிட் ஆசை போய்விட்டது. ஒரே சைக்கிள் வைத்திருக்கிறவன் தன் வழியில் நல்லதாக இருக்கிற ஐந்து கிலோமீட்டரைப் பார்த்து வாங்கக் கூடாது, மோசமான ஒரு கிலோமீட்டரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. நல்ல சாலையில் மெதுவாகப் போனால் ஐந்து நிமிடம் தாமதமாகும். கெட்ட சாலையில் தப்பான சைக்கிளில் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் அந்தச் சாலையில் தினமும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கருப்புச் சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளம் வருவதற்கு இரண்டடி முன்பே பெடலை நேராக்கி, சீட்டிலிருந்து லேசாக எழும்பி, முழங்கையை மடக்கிக் கடந்துவிடுவார்கள். உடம்பே ஷாக்கப்சர். சீட்டுக்கடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் வேறு. இன்றைக்கு மலை சைக்கிள்காரர்கள் பெருமையாகச் சொல்லும் 29 அங்குலச் சக்கரத்தின் ரிம் 622 மில்லிமீட்டர். நம் கருப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்துக்கு ரிம் 635. பெரிய சக்கரம் குழியில் முழுதாக இறங்காது என்ற ஞானம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. எடையும் அப்படித்தான். ஷாக்கப்சர் சைக்கிள் கனம், கனம் என்கிறார்கள். என்னுடையது பதினைந்து கிலோ. கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த கருப்புச் சைக்கிள் இருபதைத் தாண்டும்.

அப்படியானால் கருப்புச் சைக்கிளையே வாங்கியிருக்கலாமே? என் முதுகுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. எழும்பி எழும்பி உட்காரும் வித்தை முழங்காலுக்கும் பிடிக்கவில்லை. இதை விடப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வடக்கே கிளம்புவது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் டிரெய்லர்கள் நின்றாலும் நகராது. வலது பக்கம் கடல் முழுதாகத் தெரியாது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் அடுக்குக்கு மேலே அலையின் நுரை மட்டும் எட்டிப் பார்க்கும். பட்டினத்தார் சமாதிக்கு முன்னால் இறங்கிச் சைக்கிளைப் பூட்டினேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனுஷனின் வாசலில் லட்சத்தைத் தாண்டிய சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டையும் போட்டேன்.

திருவொற்றியூர்க்காரர்கள் பின்சக்கர ஷாக்கப்சரைப் பார்த்து அதிசயப்படுவதுதான் எனக்கு அதிசயம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, இந்த ஊரில்தானே புல்லட் செய்தார்கள். அந்தப் புல்லட்டின் அடிப்படை மாடல் 1949-இல் வந்தபோது அதன் பெரிய பேச்சே, பின்சக்கரம் ஒரு கீலில் மேலும் கீழும் அசைகிற ஸ்விங் ஆர்ம்தான். மலை சைக்கிளில் அது பரவ நாற்பது வருஷத்துக்குமேல் ஆனது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் ஒரு கூட்டம் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்த பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைமேலிருந்து இறக்கிப் பந்தயம் விட்டது. பின்சக்கர பிரேக்கில் கிரீஸ் புகைந்தே தீர்ந்துபோகுமாம், இறங்கி முடித்தால் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தச் சைக்கிள்களில் ஸ்பிரிங் என்றால் பெரும்பாலும் சீட்டுக்கடியில்தான். ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முன் ஃபோர்க் எண்பதுகளின் கடைசியில்தான் வந்தது. பின்சக்கர ஷாக் பரவலானது தொண்ணூறுகளில். அதற்குள் திருவொற்றியூர் எத்தனையோ ஆயிரம் ஸ்விங் ஆர்ம்களைப் பூட்டி அனுப்பிவிட்டது.

அதனால்தான் இங்கே டூவீலர் மெக்கானிக்கிடம் விளக்கம் தேவைப்படவில்லை. என் சைக்கிளின் சீட்டில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். "உள்ள ஆயில் இருக்கு, இல்ல? அமுங்கறது வேகமா, ஏந்திருக்கறது நிதானமா கீது" என்றார். மேட்டர் அவ்வளவுதான். சில ஆயிரங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற 'டபுள் ஷாக்கர்' சைக்கிளில் ஸ்பிரிங் மட்டும் இருக்கும், அதன் துள்ளலை அடக்க எண்ணெய் கிடையாது. குழியில் இறங்கினால் குதிக்கும், மிதித்தாலும் குதிக்கும். கனம் வேறு. அதை வாங்குவதற்கு ஷாக்கே இல்லாத சைக்கிள் எவ்வளவோ மேல். நல்ல ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் பெரும்பாலும் காற்று. அவரவர் எடைக்கு ஏற்றபடி தனி பம்ப் வைத்து அடிக்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததுமே அதன் மொத்த ஓட்டத்தில் கால் பங்கு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம், அமுங்கியிருக்க வேண்டும். வாங்கிய புதிதில் இதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள், இறுக்கமாக அடித்து வைத்துக்கொள்வார்கள். மேட்டில் சக்கரம் ஏறினால் மட்டும் போதாது, பள்ளத்தில் இறங்கவும் வேண்டும். முன்கூட்டியே அமுங்கியிருந்தால்தான் இறங்க இடம் இருக்கும். எண்ணூரில் நமக்கு வேண்டியது இறங்குகிற இடம்தான்.

எர்ணாவூர் தாண்டி, அசோக் லேலண்ட் மதிலை ஒட்டி, கத்திவாக்கம் வழியாகப் போனால் 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம். அதற்கப்பால் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில்தான் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கருப்பு. அந்த மாதக் கடைசியிலேயே பெரியகுப்பத்தில் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். ஷாக்கப்சர் பற்றி எழுத வந்தவன் இதைச் சொல்லிவிட்டு நகர்வது முறையல்ல என்று தெரிகிறது. ஆனால் அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவன் அதைச் சொல்லாமல் நகர்வது அதைவிட முறையல்ல.

பாலம் ஏறி அக்கரை போனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாலை. ஆற்றுக்குமேல் நிலக்கரி கொண்டுபோகிற கன்வேயர், கீழே இறால் தடவுகிறவர்கள். அத்திப்பட்டு புதுநகர்ப் பக்கம் சாம்பல் தண்ணீர் ஓடுகிற குழாய்கள். இங்கே சாலை ஓரம் என்பது மணலும் சாம்பலும் கலந்த ஒரு மெத்தை. அகல டயரில் காற்றைக் குறைத்தால் மிதந்து போகும். காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்குத் தோப்பு மணலில் நான் இறங்கித் தள்ளாமல் போனபோது, டீக்கடையில் எக்ஸ்எல் கணக்குச் சொன்னவரை ஒரு தடவை இங்கே அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று அல்பமாக ஆசைப்பட்டேன். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றுகிற பால்போன்ற திரவமும் இந்த வழியில்தான் தன் விலைக்கு உழைக்கிறது. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறுகிற கம்பித் துணுக்கு, ஊசியை விட மெல்லியது, எந்த டயரையும் விடாது. குத்தும், சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் பால் உறைந்து அடைத்துவிடும். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகும், திரும்ப ஊற்ற வேண்டும்.

திரும்பும்போதுதான் தண்டனை. சித்திரை, வைகாசியில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். நான் தெற்கே போக வேண்டும். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயரும் எதிர்க்காற்றும் சேர்ந்தால், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் அரசாங்கச் சைக்கிளில் ஒரு கையை விட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போவான். போனான்.

இந்தச் சைக்கிளுக்கு உண்மையான எதிரி குழியும் அல்ல, காற்றும் அல்ல. உப்பும் சாம்பலும். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் அல்ல. அனல்மின் நிலையச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத கடின மணிகள். செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் தேய்க்கிற பசை ஆகிவிடும். ஃபோர்க்கின் பளபளக் குழாயில் படிந்தால் ஆயில் சீலை அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் குழாயைத் துடைத்துவிட்டுத்தான் நான் முகம் கழுவுகிறேன். வாட்டர் வாஷுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த வேகத்தில் அடித்தால் சீலைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற 50 மணி நேரம் ஓட்டியதும் என்கிறது கையேடு. கையேடு எழுதியவர் கடலோரம் குடியிருந்திருக்க மாட்டார், அதனால் நான் அதற்கு முன்பே மாற்றுகிறேன்.

இன்னொரு குறை, கேரியர் கிடையாது. ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு வைக்கத் துளைகூட இல்லை. பின்பகுதி முழுக்க அசைகிற சட்டத்தில் கேரியரை எங்கே முடுக்குவது? அச்சோடு பூட்டுகிற கேரியர் வெளிநாட்டில் கிடைக்கிறது, அதன் விலையில் கேரியர் உள்ள ஒரு சைக்கிளே வாங்கலாம். ஆகவே காசிமேட்டில் சங்கராவும் நெத்திலியும் வாங்கினால் முதுகுப் பையில் போட்டுத்தான் கொண்டுவருகிறேன். வீட்டில் அந்தப் பைக்கு மொட்டைமாடியில் தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். யாரையும் டபுள்ஸ் ஏற்ற முடியாது என்பது இதைவிடப் பெரிய இடி. வீட்டின் ஒரே சைக்கிளில் வீட்டில் இன்னொருவரை ஏற்ற முடியாது என்றால் அது யாருடைய சைக்கிள் என்று என் மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சமாளிப்பதானால் முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ளதை வாங்குங்கள் என்று பிறருக்குச் சொல்கிறேன். கேரியர் போடலாம், பின்சட்டம் அசைகிற கீலில் இருக்கும் பிவட் பேரிங் தொல்லை இல்லை, விலையும் பாதியில் முடியும். எனக்கு மட்டும் பின் ஷாக் வேண்டும்.

போன வாரம் பின்சட்டத்தில் ஒரு முனகல் கேட்டது. பிவட்டைக் கழற்றினால் பேரிங்கில் ஒரு பக்கக் குண்டுகள் மட்டும் துரு. சக்கரத்துப் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸ் பரவும். பிவட் பேரிங் சில டிகிரிதான் ஆடும், அதே குண்டுகள் அதே இடத்தில் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகவே இடைவெளிக் கூடு இல்லாமல் குண்டுகளை நெருக்கி அடைத்த வகை ஒன்று உண்டு. பாரிமுனைக்குப் போய் பேரிங் கடையில் 6902 என்றேன். எந்த மோட்டாருக்கு என்றார் கடைக்காரர். சைக்கிளுக்கு என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தார். குண்டு நிறைத்த வகை இல்லை, சாதாரணம்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக எடுத்துத் தருகிறேன், பதினைந்து உள்விட்டம், இருபத்தெட்டு வெளிவிட்டம், ஏழு கனம், அளவு மாறாது என்றார். மாறவில்லை. கையோடு இரண்டு செட்டாக வாங்கிக்கொண்டேன், ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று ஐப்பசி மழை முடிந்து எர்ணாவூர்ச் சாலையில் தண்ணீர் வடிந்த பிறகு போடுவதற்கு.